பைப் ஏன் வெடிச்சது? உடைஞ்ச இரும்பைப் பாத்துக் காரணம் கண்டுபிடிக்கிற வேலை

ஒரு பைப்லைன் வெடிச்சா முதல் கேக்கிற கதை எப்பவும் ஒண்டுதான், "பழைய பைப், கறள் பிடிச்சிட்டுது, அதான்." இதை நான் காரணமா எடுக்கமாட்டன். அதே வயசுல, அதே மண்ணுக்குள்ள, அதே கறளோட கிலோமீட்டர் கணக்குல பைப் ஒண்டும் ஆகாமக் கிடக்கு, அப்ப ஏன் இந்த இடம், ஏன் இந்த ஒட்டு (வெல்டிங்), ஏன் இண்டைக்கு? இதுக்குப் பதில் தேடுற வேலைக்குத்தான் ஃபெயிலியர் அனலிசிஸ் எண்டு சொல்லுறது. பதில் தெரியாம பைப்பை மட்டும் மாத்தினா புதுப் பைப்பும் அதே வழியிலதான் போகும்.

திருகோணமலை ஆக்களுக்கு இது தூரத்துக் கதை இல்ல. சீனக்குடாவுல பிரிட்டிஷ்காரர் கட்டின எண்ணெய்த் தாங்கிகள்ல 99 இண்டைக்கும் நிக்குது, தாங்கி எண்டால் துறைமுகத்துல இருந்து அதுக்குப் பைப்பும் இருக்கும். 2025 ஏப்ரல்ல இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூண்டும் சேந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்க ஒப்பந்தம் போட்டாங்க, அந்தத் திட்டத்துல இந்தியாவுக்கும் எங்களுக்கும் இடையில பைப்லைன் போடுற யோசனையும் இருக்கு. இது எல்லாம் உப்புக்காத்து, கார்த்திகை மார்கழி மழை, பிறகு மாதக்கணக்கில கச்சான் காத்தும் வெயிலும், இப்பிடி நனைஞ்சு காய்ஞ்சு நனைஞ்சு காய்ஞ்சு இருக்கிற இடம். முழுசாக் கடலுக்குள்ள மூழ்கிக் கிடக்கிற சாதாரண இரும்பு வருசத்துக்கு ஏறக்குறைய 0.1 மி.மீ. அரிபடும், அலை அடிச்சு அடிச்சுப் போற இடத்துல அது பல மடங்கு. ஜெட்டிப் பக்கம் இருக்கிற எந்தத் தூணைப் பாத்தாலும் தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல உள்ள பகுதிதான் மோசமா இருக்கும், அடுத்த முறை போகேக்க பாருங்க.

சரி, முதல் பைப் எண்டால் என்ன எண்டு பாப்பம். எண்ணெய், வாயு கொண்டு போற பைப் பெரும்பாலும் காபன் குறைஞ்ச ஸ்டீல். அதை மினுக்கி மைக்ரொஸ்கோப்புக்குக் கீழ வச்சா வெளிச்சமான மணிகளும் இருட்டான மணிகளும் கலந்து தெரியும், வெளிச்சமானது ஃபெரைட், மெத்து, வளையும், இருட்டானது பேர்லைட், கொஞ்சம் கடினம். ரெண்டும் எந்த அளவுல, எவ்வளவு நுண்ணிசா இருக்கு எண்டதுலதான் பைப்பின்ட பலமும் தாங்குற குணமும் தங்கியிருக்கு. பைப்பில எக்ஸ்42, எக்ஸ்52, எக்ஸ்65 எண்டு கிரேட் அடிச்சிருக்கும், அந்த நம்பர் அந்த ஸ்டீல் நிரந்தரமா நீளத் தொடங்குற இழுவிசையைச் சொல்லுது, அமெரிக்க அலகுல. எங்கட கணக்குல எக்ஸ்42 எண்டால் 290 மெகாபாஸ்கல், எக்ஸ்65 எண்டால் கிட்டத்தட்ட 450.

இப்ப ஒரு சின்னக் கணக்கு, இதைச் செய்யாம மேல போகவேணாம். உள் அழுத்தத்தால பைப் சுவர்ல வாற இழுவை = அழுத்தம் பெருக்கல் விட்டம், அதை சுவர்த் தடிப்பின்ட ரெண்டு மடங்கால வகுக்கோணும். விட்டம் 300 மி.மீ., தடிப்பு 6 மி.மீ., அழுத்தம் 60 பார், அதாவது 6 மெகாபாஸ்கல் எண்டு வைப்பம். 6 × 300 ÷ 12 = 150. எக்ஸ்42 பைப்புக்கு இது சும்மா, பாதியளவுதான். அதே பைப் ஒரு நீளத்துக்கு அரிச்சு 3 மி.மீ. ஆயிட்டுது எண்டால் 6 × 300 ÷ 6 = 300. 290-ஐத் தாண்டியாச்சு. அழுத்தத்தை ஒருத்தரும் கூட்டேல்ல, பம்ப் நேற்றைக்கு ஓடின மாதிரித்தான் இண்டைக்கும் ஓடுது, ஆனா பைப் பிளக்கும். (ஊசி குத்தின மாதிரி ஒரு சின்னக் குழி மட்டும் எண்டால் இந்தக் கணக்கு அப்பிடியே பொருந்தாது, சுத்தி இருக்கிற தடிச்ச சுவர் கைகொடுக்கும், அங்க வெடிக்காம ஒழுகத்தான் செய்யும்.) பிளந்ததா ஒழுகினதா எண்டதே முதல் தடயம்.

இனி எப்பிடிச் சாகுது எண்டதுக்கு வருவம். எல்லாரும் கறள் எண்டு ஒரே சொல்லில சொல்லுறதுக்குள்ள ஒண்டோட ஒண்டு சம்பந்தமில்லாத பல விசயம் இருக்கு. ஓ.எல். சயன்ஸ்ல படிச்ச அனோட்டு, கதோட்டு ஞாபகம் இருந்தா போதும், அடிப்படை அதுதான்: இரும்பு ஒரு இடத்துல இலத்திரனை விட்டுட்டு கரையும், இன்னொரு இடத்துல ஒட்சிசனும் தண்ணியும் அந்த இலத்திரனை எடுக்கும், ரெண்டுக்கும் இடையில ஈரமான மண்ணோ உப்புத் தண்ணியோ பாதை குடுக்கும். முழுப் பரப்பும் சீராக் கரைஞ்சா அது பெரிய ஆபத்து இல்ல, தடிப்பை அளந்து கொண்டு வந்தா எப்ப மாத்துறது எண்டு முன்கூட்டியே தெரியும். பயப்படவேண்டியது ஒரே இடத்துல குத்திக்கொண்டு உள்ள போற குழி அரிப்பு. குளோரைட்டு, அதாவது உப்பு, இதுக்கு உதவி செய்யும், குழிக்குள்ள அமிலத்தன்மை கூடிக்கொண்டே போகும், மற்ற இடம் எல்லாம் புதுசு மாதிரி இருக்கேக்கயே அந்த ஒரு இடம் ஓட்டை விழும்.

வெளியில இருந்து மட்டும் எண்டு நினைக்கக்கூடாது. 2000 ஓகஸ்ட் 19, அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலத்துல கார்ல்ஸ்பாட் எண்ட ஊருக்குப் பக்கத்துல 30 அங்குல வாயுப் பைப் ஒண்டு வெடிச்சது, ஆத்தங்கரையில கூடாரம் போட்டுத் தங்கியிருந்த 12 பேரும் இறந்துபோனாங்க. வெளிப்பக்கத்துல பெரிசா ஒண்டும் இல்ல. வாயுவோட வந்த கொஞ்ச ஈரம் பைப்பின்ட பள்ளமான இடத்துல தேங்கி நிண்டு, அதுல குளோரைட்டும் கரைஞ்ச வாயுக்களும் கிருமிகளும் சேந்து, உள்ளுக்குள்ள இருந்தே சுவரைச் சாப்பிட்டிருக்கு, சில இடத்துல தடிப்பின்ட 72 சதவீதம் போயிட்டுது. எங்களுக்கு இன்னும் கிட்ட, இதே வங்காள விரிகுடாக் கரையில, 2014 ஜூன் 27 ஆந்திராவுல நகரம் எண்ட கிராமத்துல வாயுப் பைப் வெடிச்சு 20-க்கு மேல ஆக்கள் செத்தாங்க, அங்கயும் காய்ஞ்ச வாயுவுக்கு எண்டு போட்ட பைப்பால ஈரமான வாயு போனதுதான் அரிப்புக்குக் காரணம் எண்டு விசாரணையில வந்தது. அதால "வெளிப் பூச்சு நல்லா இருக்கு" எண்டு ஆரும் சொன்னா எனக்கு நிம்மதி வாறதில்ல.

கிருமி எண்டு சொன்னனே, அதை நம்பாத ஆக்கள் கனபேர். ஒட்சிசன் இல்லாத இடத்துல, சேத்துக்குள்ள, வாழுற ஒருவகை பற்றீரியா சல்பேற்றை எடுத்து ஐதரசன் சல்பைட்டா மாத்தும், அது இரும்போட சேந்து கறுப்பு நிற அயன் சல்பைட்டு ஆகும். உள் தண்ணி தேங்கின பைப்பை வெட்டேக்க சிவப்புக் கறளுக்குக் கீழ கறுப்பாப் பசை மாதிரி இருந்தா உசாராகோணும். அதில கொஞ்சத்துல ஐதான ஐதரோகுளோரிக் அசிட் ஒரு துளி விட்டா அழுகின முட்டை மணம் வரும், அந்த வாயு நஞ்சு, அதால லாப்ல, காத்து இழுக்கிற அலுமாரிக்குள்ள வச்சுத்தான் செய்யோணும், மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணக்கிற பழக்கம் வேணாம்.

பிறகு வெடிப்பு. இது கறளை விட மோசம், ஏனெண்டால் கண்ணுக்குத் தெரியாது. ஸ்டீல், இழுவிசை, ஒரு குறிப்பிட்ட சூழல், இந்த மூண்டும் ஒரே இடத்துல சேந்தா மட்டும் மெல்லிய வெடிப்புகள் கூட்டம் கூட்டமாத் தொடங்கும், இதை ஸ்ட்ரெஸ் கொரோஷன் கிராக்கிங் எண்டு சொல்லுவாங்க. மூண்டில ஒண்டை எடுத்துவிட்டா நிண்டிடும். பைப்பைச் சுத்தின பூச்சு கழண்டு, அதுக்கும் இரும்புக்கும் இடையில மண் தண்ணி புகுந்து நிக்கிற இடம்தான் இதுக்கு வசதியான வீடு. 1965-ல அமெரிக்காவின்ட லூசியானாவுல நாகிடோஷ் ஊர்ல 17 பேர் இறந்த வாயுப் பைப் வெடிப்புக்குப் பிறகுதான் பைப்லைன்காரர் இதைத் தீவிரமாப் பாக்கத் தொடங்கினாங்க. 2010 ஜூலையில மிஷிகன்ல, 1969-ல போட்ட ஒரு எண்ணெய்ப் பைப், பொலித்தீன் டேப் பூச்சு கழண்ட இடத்துல வெடிப்புகள் வளந்து ஒண்டோட ஒண்டு சேந்து ரெண்டு மீட்டர் நீளத்துக்குப் பிளந்தது, கட்டுப்பாட்டு அறையில இருந்தவங்களுக்கு விளங்க 17 மணித்தியாலம் எடுத்தது.

ஐதரசன் இன்னொரு எதிரி. சல்பைட்டு உள்ள எண்ணெய் வாயுவுல ஐதரசன் அணு இரும்புக்குள்ளயே நுழைஞ்சிடும், அது அவ்வளவு சின்னன். உள்ள போய் மங்கனீஸ் சல்பைட்டு எண்ட தட்டையான அழுக்குத் துணுக்குகள்ல தங்கி, ரெண்டு ரெண்டா சேந்து வாயு ஆகி, உள்ளுக்குள்ள இருந்தே உலோகத்தைப் படி படியாக் கிழிக்கும். கடினம் கூடின ஒட்டுல ஐதரசனால வாற வெடிப்பு இன்னும் கெதியா நடக்கும். அதாலதான் இந்தச் சூழலுக்குப் போற காபன் ஸ்டீல் ரொக்வெல் சி எண்ட கடின அளவுல 22-க்கு மேல கடினமா இருக்கக்கூடாது எண்டு ஒரு எல்லை வச்சிருக்கு. பலமானது நல்லது எண்டு நினைக்கிற எங்கட இயல்புக்கு இது எதிரா இருக்கு, ஆனா உண்மை.

பிறப்பிலயே குறையோட வாறதும் இருக்கு. 2010 செப்டெம்பர் 9, கலிபோர்னியாவுல சான் புரூனோ, 8 பேர் உயிரிழப்பு. 1956-ல போட்ட அந்த வாயுப் பைப்பில சில துண்டுகளின்ட நீளவாக்கு ஒட்டு வெளியில மட்டும் ஒட்டி, உள்பக்கம் ஒட்டாம விட்டிருக்கு, கொம்பனிப் பதிவேட்டுல அது ஒட்டே இல்லாத பைப் எண்டு எழுதியிருந்தது. 54 வருசம் அது அந்த அரைகுறை ஒட்டோட நிண்டிருக்கு. அடிபட்ட பைப்பும் இப்பிடித்தான், 1999 ஜூன் 10 அமெரிக்காவின்ட வாஷிங்டன் மாநிலத்துல பெல்லிங்ஹாம் ஊர்ல பெற்றோல் பைப் பிளந்து ஆத்துல ஓடித் தீப்பிடிச்சு ரெண்டு சிறுவரும் ஒரு இளைஞரும் இறந்ததுக்குப் பின்னால, 1994-ல பக்கத்துல மண் தோண்டேக்க மெஷின் பட்ட காயம் இருந்தது. எங்கட ஊர்ல றோட்டுக் கிண்டுற பெக்கோக்காரர் பைப்பில பட்டா, ஒழுகேல்ல எண்டு மண்ணைப் போட்டு மூடிட்டுப் போகாம சொல்லிட்டுப் போகோணும். அண்டைக்கே சொன்னா அதை ஒரு துண்டு மாத்திற வேலையோட முடிக்கலாம்.

இனி வேலை செய்யிற விதம். என்னைக் கேட்டா லாப்பை விட முக்கியம் சம்பவ இடத்துல முதல் நாள் நடக்கிறதுதான், அங்க கெட்டதை எந்த மெஷினாலயும் திருப்ப ஏலாது. ஆக்களுக்கும் நெருப்புக்கும் ஆபத்தில்ல எண்டு உறுதியான உடன, ஒண்டையும் தொடமுதல் போட்டோ எடுக்கோணும், தூரத்துல இருந்து, கிட்ட இருந்து, ஸ்கேல் வச்சு. பிறகு பைப்பை வெட்டி எடுக்க முதல் அது மேல பெயிண்டால எழுதோணும்: எது மேல்பக்கம், ஓட்டம் எந்தப் பக்கம், வடக்கு எது. குழி பைப்பின்ட அடியில 6 மணிப் பக்கம் இருந்ததா, மேல 12 மணிப் பக்கம் இருந்ததா எண்டது பெரிய விசயம், அடியில எண்டால் உள்ளுக்குத் தேங்கின தண்ணியை நினைக்கோணும், லொறியில ஏத்தி உருட்டினாப் பிறகு அதை ஆராலயும் சொல்ல ஏலாது. உள்ள இருக்கிற சேறு, கறள், தண்ணி, வெளியில ஒட்டின மண், கழண்ட பூச்சு, ஒவ்வொண்டையும் தனித்தனிச் சுத்தமான போத்தல்ல எடுத்து உடன மூடோணும், சல்பைட்டு காத்துப் பட்டா மாறிப்போகும்.

அடுத்தது கைகட்டி நிக்கவேண்டிய இடம். உடைஞ்ச முகத்தைத் தண்ணியால கழுவாதீங்க, கம்பித் தூரிகையால தேய்க்காதீங்க. உடைஞ்ச ரெண்டு துண்டையும் பொருத்திப் பாக்கிற ஆசை எல்லாருக்கும் வரும், அதைச் செய்யவே கூடாது, ஒண்டில ஒண்டு தேய்ஞ்சு நுணுக்கமான அடையாளம் எல்லாம் நசிஞ்சிடும். காஸ் கட்டரால வெட்டிறதெண்டால் உடைஞ்ச இடத்துல இருந்து நல்லாத் தள்ளி வெட்டோணும், ஏனெண்டால் சூடு பட்ட இடத்துல ஸ்டீலின்ட உள் அமைப்பே மாறும், பிறகு லாப்ல பாத்து அது வெடிக்கமுதல் இருந்ததா கட்டரால வந்ததா எண்டு தலையைப் பிய்க்கவேண்டிவரும். எங்கட உப்புக்காத்துல உடைஞ்ச புது முகம் ஒரு ராத்திரியிலயே செம்மஞ்சளாகும், அதால காயவச்சு, ஈரம் உறிஞ்சிற சிலிக்கா ஜெல் பொதியோட பொலித்தீன்ல இறுக்கிச் சுத்தி அனுப்போணும். அதோட உடைஞ்ச இடத்துல இருந்து தள்ளி, உடையாத நல்ல துண்டு ஒண்டையும் சேத்து எடுக்கோணும், நல்லதோட ஒப்பிடாம கெட்டதைப் பற்றி ஒண்டும் சொல்ல ஏலாது.

லாப்ல முதல் கருவி கண்தான், அதுக்குப் பிறகு கையில பிடிக்கிற பூதக்கண்ணாடி. உடைஞ்ச முகம் மங்கலாய், நார் நாராய், ஓரம் 45 பாகையில சரிஞ்சு, பக்கத்துச் சுவர் மெலிஞ்சு இருந்தா இரும்பு நீண்டு மெலிஞ்சுதான் கிழிஞ்சிருக்கு. நீளாம, தட்டையா, பளபளப்பா, அம்புத்தலை அடையாளங்களோட இருந்தா நொறுங்கி உடைஞ்சிருக்கு, அந்த அம்புகளின்ட கூர் எந்தப் பக்கம் காட்டுதோ அந்தப் பக்கமே நடந்துபோனா வெடிப்புத் தொடங்கின இடத்துக்குப் போய்ச் சேரலாம். பம்ப் நிண்டு ஓடி நிண்டு ஓடி அழுத்தம் ஏறி இறங்கினதால கொஞ்சம் கொஞ்சமா வளந்த வெடிப்பு எண்டால், உப்புவெளிக் கரையில அலை பின்வாங்கேக்க மணல்ல விட்டுட்டுப் போற கோடுகள் மாதிரி, ஒரு புள்ளியைச் சுத்தி வளைவு வளைவாக் கோடு இருக்கும். அந்தப் புள்ளிதான் தேடுற இடம். முழு ஆய்வும் அந்தச் சின்னப் புள்ளியைக் கண்டுபிடிச்சு, அங்க என்ன இருந்தது எண்டு கேக்கிறதுதான், குழியா, ஒட்டுக் குறையா, மெஷின் கீறின காயமா.

அந்தப் புள்ளியை எலக்ட்ரோன் மைக்ரொஸ்கோப்ல பல ஆயிரம் மடங்கு பெருப்பிச்சுப் பாப்பாங்க, அதோட சேந்த எக்ஸ்ரே கருவி அங்க ஒட்டியிருக்கிறது குளோரினா, கந்தகமா எண்டு சொல்லும். பிறகுதான் வெட்டிறது. வெடிப்புக்குக் குறுக்கால வெட்டி, பிசின்ல பதிச்சு, கரடான எமரித் தாள்ல தொடங்கி நைஸ் தாள் வரைக்கும் தேய்ச்சு, வைரப் பசையால கண்ணாடி மாதிரி மினுக்கி, 2 சதவீத நைத்திரிக் அசிட் கலந்த அற்ககோலால ஒரு சில செக்கன் கழுவினா உள் மணிகள் வெளியில வரும். இப்ப வெடிப்பு மணிகளுக்கு இடையில ஓடுதா, மணியை ஊடறுத்துக்கொண்டு போகுதா எண்டு பாக்கலாம். இடையில ஓடினா காரத்தன்மை கூடின தண்ணிச் சூழல், ஊடறுத்தா நடுநிலைக்குக் கிட்டின மண் தண்ணி, ரெண்டும் ஸ்ட்ரெஸ் கொரோஷன்தான் எண்டாலும் அது வாற நிலைமை வேற வேற. ஒட்டுக்குப் பக்கத்துல ஊசி ஊசியா மார்ட்டென்சைட் எண்ட கடினமான அமைப்புத் தெரிஞ்சா அந்த இடம் வேகமாக் குளிர்ந்திருக்கு, கடினமாகியிருக்கு, ஒட்டமுதல் சூடாக்காம விட்டிருக்கலாம். ஈரமான 7018 எண்ட வெல்டிங் ரொட் பாவிச்சா ஐதரசன் ஒட்டுக்குள்ள போய், ஒட்டு முடிஞ்சு மணித்தியாலங்கள், சிலநேரம் நாள் கழிச்சுக்கூட வெடிக்கும், அந்த ரொட்டை அடுப்புல சூடா வச்சிருக்கச் சொல்லுறது அதுக்குத்தான், எங்கட ஈரக்காத்துல அது ரெண்டு மடங்கு முக்கியம்.

மிச்சச் சோதனைகள் பைப் சொன்ன கிரேட்தானா எண்டு பாக்கிறதுக்கு: இரசாயனச் சேர்க்கை, கடினம், இழுவை, பிறகு வெட்டு வச்ச துண்டைச் சுத்தியல் ஊசலால அடிச்சு எவ்வளவு சக்தியை உறிஞ்சுது எண்டு பாக்கிற சார்பி சோதனை. குளிர் நாட்டுல சார்பி உயிர், குளிர்ல ஸ்டீல் நொறுங்கும், எங்களுக்கு அந்தப் பயம் குறைவு.

இவ்வளவும் முடிஞ்சாலும் பாதிதான் முடிஞ்சிருக்கு. "குழி அரிப்பால ஓட்டை" எண்டு எழுதி ரிப்போர்ட்டை மூடுறவங்களை நான் ஏத்துக்கொள்ளமாட்டன். குழி ஏன் வந்தது, தண்ணி ஏன் தேங்கிச்சு, தேங்கினதை எடுக்கிற ஏற்பாடு ஏன் வேலை செய்யேல்ல, பைப்புக்குள்ள சுத்தம் பண்ணுற பிக் எண்ட கருவியை ஏன் அனுப்பேல்ல, இப்பிடிக் கேட்டுக்கொண்டே போகோணும். ஏனெண்டால் ஒவ்வொரு காரணத்துக்கும் மருந்து வேற. வெளி அரிப்பு எண்டால் பூச்சையும் கதோட்டுப் பாதுகாப்பையும் பாக்கோணும், அதாவது போட் அடியில நாகக் கட்டி பூட்டுற அதே வித்தைதான், நாகமோ மக்னீசியமோ தான் கரைஞ்சு இரும்பைக் காப்பாத்தும், மண்ணுக்குள்ள பைப் செப்பு சல்பேற்று மின்வாயோட அளக்கேக்க மைனஸ் 0.85 வோல்ற் அல்லது அதைவிடக் கூட மைனஸா இருக்கோணும். உள் அரிப்பு எண்டால் வெளியில எவ்வளவு பூசினாலும் பிரயோசனமில்ல, ஈரத்தை எடுக்கோணும், அரிப்பைத் தடுக்கிற மருந்து விடோணும். ஐதரசன் வெடிப்பு எண்டால் இன்னும் பலமான ஸ்டீல் போடுறது நிலைமையை மோசமாக்கும். கழண்ட பூச்சுக்குக் கீழ வந்த வெடிப்பு எண்டால் மின்னழுத்தத்தைக் கூட்டிப் பாத்தும் பலன் கிடைக்காது, கழண்ட டேப் மின்சாரத்தை மறைச்சுக்கொண்டு நிக்கும்.

டெக் படிக்கிற பிள்ளைகள் ஆருக்கும் இதில ஆசை வந்தா, தொடங்க எலக்ட்ரோன் மைக்ரொஸ்கோப் தேவையில்ல. பழைய இரும்புக் கடையில ஒட்டின பைப் துண்டு ஒண்டு எடுத்து, ஒட்டுக்குக் குறுக்கால வாள்ல வெட்டி, வெட்டின முகத்தை 400 நம்பர் தாள் வரைக்கும் தேய்ச்சுக்கொண்டு வாங்க. கல்லூரி லாப்ல படிப்பிக்கிற சேரைப் பக்கத்துல வச்சுக்கொண்டு, கண்ணாடியும் கையுறையும் போட்டு, நைத்திரிக் அசிட் கலந்த அற்ககோலைப் பஞ்சில தொட்டுத் தடவினா, ஒட்டின உலோகம் ஒரு நிறத்துல, அதைச் சுத்திச் சூடு பட்ட பகுதி ஒரு கோடாய், அதுக்கு அங்கால பைப் இன்னொரு நிறத்துல வெறும் கண்ணுக்கே தெரியும். அடியில ஒட்டுப் பிடிக்காம விட்ட இடம் இருந்தா அதுவும் கறுப்புக் கோடாய்த் தெரியும்.